மண்டைதீவுக் கிணறுகளும் ஒரு மாணவர் கணக்கும்

யாழ்ப்பாணத்திலிருந்து தீவகத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் மண்டைதீவைக் காண்பதில்லை. பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் அவர்களுடைய பேருந்து அல்லைப்பிட்டிப் பக்கமாக ஓடி வேலணைக்கோ புங்குடுதீவுக்கோ போய்விடும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் குறிகட்டுவானில் படகைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். மண்டைதீவுச் சந்தியில் இடது புறம் திரும்புகிறவர்கள், அங்கே வீடோ உறவோ உள்ளவர்கள் மட்டுந்தான். எனக்கு அங்கே என் தமையனாரின் வீடு இருக்கிறது. நகரத்துக்கு இவ்வளவு அருகில் இருந்தும் நகரத்தால் மறக்கப்பட்ட தீவு என்று முன்னொரு காலத்தில் ஒரு செய்திக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். இப்போது அப்படி எழுத முடியாது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கே சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் ஒன்றின் வேலைகளைத் தொடக்கிவைத்தபின், மண்டைதீவின் பெயர் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்திலும் வரத் தொடங்கிவிட்டது.

நான் எழுத வந்தது மைதானத்தைப் பற்றியன்று. ஆனால் விடயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தமையனாரின் பேத்தி பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறாள். இரண்டாம் வருடம். ஏதாவதொரு சிறிய இணையச் செயலியை எழுதி, அதை மேகக் கணிமையில் ஏற்றி, ஊரறிய ஓடவிட்டுக் காட்ட வேண்டும் என்பது அவளுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி. கூடப் படிக்கிற பிள்ளைகள் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல், புத்தகக் கடைக் கணக்கு என்று எடுத்துக்கொண்டார்களாம். இவள் எடுத்துக்கொண்டது கிணறு.

"அப்பப்பா, மைதானம் வந்தால் புல்லுக்குத் தண்ணி வேணும் எல்லே? பிறகு எங்கடை கிணறு சவராப் போச்செண்டு நாங்கள் சொன்னால், முந்தி எப்பிடி இருந்ததெண்டு கேப்பினம். அதுக்கு எங்களிட்டை என்ன இருக்கு?"

நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதியவன் நான். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றாமற் போனதை எண்ணி வெட்கப்பட்டேன்.

சுண்ணக்கல்லும் மணலும் கொண்ட இத்தகைய தாழ்ந்த தீவுகளில் ஆறும் இல்லை, குளமும் பெயரளவில்தான். மழை நீர் நிலத்துக்குள் இறங்கி, உள்ளே நிற்கும் உப்பு நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் இந்த மிதப்பு. 1888இல் கைபென் என்பவரும் 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்பவரும் தனித்தனியே கண்டு சொன்ன கணக்கு ஒன்று உண்டு: கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும். மறுதலையாகப் பார்த்தால் அச்சம் தரும் கணக்கு இது. மேலே ஓர் அடி குறைய இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு நீர் 40 அடி ஏறிவரும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் முதுகுவலியே அதற்கு எல்லை போட்டது. இப்போது இருப்பது நீர்ப்பம்பி. மைதானத்தால் கிணறு கெடும் என்று நான் சொல்லவில்லை. அது எங்கிருந்து நீர் எடுக்கும் என்பதைப் பொறுத்த விடயம் அது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024 ஆகஸ்டிலிருந்து கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் இயங்குகிறது. வழிகள் இல்லாமலில்லை. ஆனால் இன்றைய நிலையை இன்றே எழுதிவைக்காதவனுக்கு நாளை முறையிட வாய் இருக்காது என்பது மட்டும் உறுதி.

ஆகவே செயலியின் பெயர் கிணற்றேடு. என்னிடம் அவள் கேட்ட உதவி, பக்கத்தில் வரும் தமிழ்ச் சொற்களை எழுதித் தருவது மட்டுமே. நானோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுடைய மடிக்கணினிக்கு அருகிலேயே அமர்ந்துவிட்டேன்.

முதலில் கணக்கு. மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் அசூர் மேகச் சேவையில் மாணவர்களுக்கென்று ஒரு கணக்கு வகை இருக்கிறது. பல்கலைக்கழகம் வழங்கிய மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்க வேண்டும். அந்த முகவரிக்கு வரும் இணைப்பை அழுத்தினால் மாணவர் என்பது உறுதியாகிவிடும். 12 மாதங்களில் பயன்படுத்தக்கூடிய 100 டொலர் வரவு, கணக்கில் விழுகிறது. நம் பணத்தில் ஏறத்தாழ 30,000 ரூபா. கடனட்டை கேட்கமாட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதுதான் முக்கியம். கடனட்டை என்பது வங்கியில் வேலை செய்யும் மாமா ஒருவரிடம் இருக்கும் பொருள். அவரிடம் போய் நின்று, "இணையத்தில் ஒரு வேலை" என்று சொல்லி அதைக் கேட்டு வாங்குகிற துணிவு எந்தப் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு வரும்? அந்த ஒரு தடையை எடுத்துவிட்டதால் மண்டைதீவுப் பிள்ளையும் நியூயோர்க் பிள்ளையும் ஒரே வாசலால் உள்ளே போகிறார்கள். வரவு தீர்ந்தால் செயலி நின்றுபோகுமே தவிர, வீட்டுக்குக் கட்டணச்சீட்டு வராது.

மேகம் என்ற சொல்லைப் பற்றி வாசகர்கள் சிலருக்கு மயக்கம் இருக்கலாம். எனக்கும் இருந்தது. தொலைபேசிப் பொறியியலாளர்கள் படம் வரையும்போது, தங்களுக்குக் கவலையில்லாத பகுதியை ஒரு மேகமாக வரைந்து விட்டுவிடுவார்கள். அந்த வழக்கத்திலிருந்து வந்த பெயர் இது. உண்மையில் வானத்தில் ஒன்றுமில்லை. எங்கோ ஒரு கட்டடத்தில், குளிரூட்டிய அறைகளில் அடுக்கப்பட்டிருக்கும் கணினிகளில் ஒரு துண்டை வாடகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். அமேசன் நிறுவனம் 2006இல் இந்த வாடகை வியாபாரத்தைத் தொடங்கிவைத்தது. மைக்ரோசொஃப்ட் 2010இல் வந்து சேர்ந்தது.

எந்த ஊர்க் கட்டடம் என்று தெரிவுசெய்யும் இடம் வந்தது. தென்னிந்தியா என்ற பெயரில் சென்னை இருந்தது. "அதைப் போடு பிள்ளை, கிட்டத்தானே" என்றேன். மாணவர் கணக்குக்கு எல்லாப் பிராந்தியங்களும் திறந்திருப்பதில்லை போலும். எங்கள் கணக்குக்குச் சென்னை கிடைக்கவில்லை. சிங்கப்பூர் கிடைத்தது. மண்டைதீவின் கிணறுகள் 2,800 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சிங்கப்பூரில் குடியேறின. மலாயாவுக்குப் போய் உழைத்து வந்து கல்வீடு கட்டிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்தத் திசை எங்களுக்குப் புதிதன்று.

செயலியை அவள் பைதன் மொழியில், ஃபிளாஸ்க் என்ற சட்டகத்தைக் கொண்டு எழுதியிருந்தாள். மிக எளியது. ஒரு பக்கத்தில் படிவம்: கிணறு இருக்கும் இடம், ஆழம், தண்ணீரின் தன்மை, எந்த மாதத்தில் பார்த்தது, சொல்பவருக்கு அந்தக் கிணற்றோடு என்ன தொடர்பு. இன்னொரு பக்கத்தில், அதுவரை சேர்ந்தவற்றின் பட்டியல். தண்ணீரின் தன்மைக்கு அவள் போட்டிருந்த சொற்கள் நன்னீர், உவர்நீர், உப்புநீர். பாடநூற் சொற்கள். நான் அவற்றை நீக்கி, நல்ல தண்ணி, சவர்த் தண்ணி, உப்புத் தண்ணி என்று எழுதினேன். பத்திரிகைக்காரன் பேச்சு வழக்கை எதிர்ப்பான் என்று எதிர்பார்த்திருந்த அவள் வியப்புடன் பார்த்தாள். எழுபது வயதுக் கிழவி ஒருத்தி தன் வாயால் என்ன சொல்வாளோ, அதுதான் அந்த இடத்தில் சரியான சொல். மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவி ஒன்றை இரவல் வாங்கி, அந்த எண்ணையும் பதிய ஒரு கட்டம் வைத்தோம். கடல்நீருக்கு அந்த எண் ஏறத்தாழ 50,000 வரும். மழை நீருக்கு மிகச் சொற்பம். கிணறுகள் எல்லாம் இவை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கின்றன.

இனி, ஏற்றும் வேலை. ஒரு கட்டளை கொடுத்தால் கோப்புகள் பொதியாகிப் போய்ச் சேர்ந்துவிடும் என்றாள். போய்ச் சேர்ந்தன. இணைய முகவரியைத் திறந்தோம். கிணற்றைக் காணோம். செயலி தயார், உள்ளடக்கத்துக்குக் காத்திருக்கிறது என்ற பொருளில் ஓர் ஆங்கில வரவேற்புப் பக்கம் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றது. அவளுடைய மடிக்கணினியில் ஓடியது சிங்கப்பூரில் ஓடவில்லை. இரண்டு மணிநேரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். காரணம் அற்பமானது. அந்த வழங்கி, முதன்மைக் கோப்புக்கு 'ஆப்' என்றோ 'அப்ளிக்கேஷன்' என்றோ பெயர் இருக்கும் என்று எதிர்பார்த்துத் தேடுகிறது. இவள் ஆசையாகக் 'கிணறு' என்று பெயர் வைத்திருந்தாள். தேடிய பெயர் கிடைக்காததால் வழங்கி தன்னுடைய வெற்றுப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. பெயரை மாற்றலாம், அல்லது தொடக்கக் கட்டளையில் எந்தக் கோப்பு என்று சொல்லிவிடலாம். அவள் பெயரை மாற்றவில்லை. கட்டளையில் சொல்லிவிட்டாள். கிணறு ஓடியது.

திரையில் தமிழ் எழுத்துகள் உடையாமல் வந்தபோது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று. தமிழுக்கு ஒருங்குறியில் 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் நம் பத்திரிகை அலுவலகங்கள் நெடுங்காலம் பாமினி எழுத்துருவையே கட்டிக்கொண்டு அழுதன. ஒரு கணினியில் அடித்த செய்தி, எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இன்று தெருவில் நிற்கும் பொடியன் கைத்தொலைபேசியில் தமிழில் அடிக்கிறான். அது சிங்கப்பூர் போய்த் திரும்பித் தமிழாகவே வருகிறது.

அன்று மாலை முகவரியை உறவினர்களுக்கு அனுப்பினோம். ரொறன்ரோ, பாரிஸ், இலண்டன், ஒஸ்லோ என்று ஊர் சிதறிக் கிடக்கும் இடங்களிலிருந்து கிணறுகள் வரத் தொடங்கின. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். நான் பழைய வழக்கப்படி குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக அவளிடம் சொன்னேன். அவள் பதிந்தாள். இரவு பதினொரு மணிக்கு 41 கிணறுகள். பூவரச மரத்தடிக் கிணறு, கோயில் கேணி, ஒருகாலத்தில் கழுத்தளவு நல்ல தண்ணி நின்ற வயற்கரைக் கிணறு. முப்பத்தைந்து வருடங்களாகத் தம் முற்றத்தைக் காணாதவர்கள், கிணற்றுக் கட்டின் எந்தப் பக்கம் உடைந்திருந்தது என்பதையும் மறவாமற் சொன்னார்கள்.

காலையில் பட்டியலைத் திறந்தோம். ஒன்றுமில்லை. வெறும் தலைப்பு மட்டும் நின்றது.

பிள்ளையின் முகம் இருண்டுவிட்டது. எனக்கும் உடல் ஒருமுறை நடுங்கியது. அதைக் கணினிக் கோளாறாக மட்டும் காண என்னால் முடியவில்லை. 1981 ஜூன் முதலாம் திகதி விடியும்போது யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் சாம்பலாகிக்கொண்டிருந்தன. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கி நடந்தபோது, பத்து வருடங்களாக நான் வெட்டி ஒட்டிச் சேர்த்த செய்தித் துணுக்குகளின் கட்டு மேசைக்குக் கீழே கிடந்தது. அரிசியையும் பிள்ளையின் மருந்தையும் எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட்டு நடந்தேன். அதற்கு முந்திய வருடங்களில், பொருளாதாரத் தடையால் பத்திரிகைத் தாள் வராத நாட்களில், கொப்பித் தாளில் எல்லாம் செய்தி அச்சிட்டோம். அவ்வளவு பாடுபட்டு அச்சிட்ட இதழ்களில் எத்தனை இன்று எஞ்சியிருக்கின்றன என்று கேட்டால் எனக்குச் சொல்ல வாய் வராது.

காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்தாள். எங்களுடையது பணம் கட்டாத இலவசத் திட்டம். ஒரு நாளைக்கு 60 நிமிடக் கணிப்பு நேரம் தருவார்கள். யாரும் வராமற் சிறிது நேரம் சென்றால் செயலியை உறங்க வைத்துவிடுவார்கள். அடுத்தவர் வந்து தட்டும்போது அது புதிதாக எழும்பும். செயலி ஓடுவது ஒரு தற்காலிகக் கோப்புறையிலிருந்து. பதிவுகளை எழுதும் கோப்பையும் செயலிக்குப் பக்கத்திலேயே அவள் வைத்திருந்தாள். புதிதாக எழும்பியபோது கோப்புறையும் புதிதாயிற்று, பழையது போயிற்று. நிலைத்து நிற்க வேண்டியவற்றை 'ஹோம்' என்ற பெயருள்ள அடைவில் வைக்க வேண்டும். இதையெல்லாம் அவர்கள் மறைக்கவில்லை, கையேட்டில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். வாசிக்காத பிழை எங்களுடையது.

'ஹோம்' என்றால் வீடு. வீட்டில் வைக்காதது நிலைக்காது என்று சொல்லி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கோப்பின் இடத்தை மாற்றி, ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு வரியாகச் சேரும் சாதாரண எழுத்துக்கோப்பாக்கி, நாள்தோறும் ஒரு பிரதி தன் மடிக்கணினிக்கு இறங்கும்படியும் செய்துவிட்டுத்தான் சாப்பிட எழுந்தாள். நிறையப் பேர் ஒரே நேரத்தில் எழுதினால் இந்த ஏற்பாடு போதாது, தனியாகத் தரவுத்தளம் வேண்டும் என்றும் சொன்னாள். எங்கள் ஊரளவுக்கு இது போதும்.

41இல் 27 கிணறுகள் என் குறிப்பேட்டில் இருந்தன. தாமாகவே படிவம் நிரப்பிய 14 பேருக்குத் திரும்பவும் சொல்ல வேண்டியதாயிற்று. சிலர் சலித்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் மறுமுறை அழைத்தபோது நெடுநேரம் பேசினார்.

அவர் சொன்ன கிணற்றில்தான் அடுத்த சிக்கல் வந்தது. 1990 ஆகஸ்ட் இறுதியில் படையினர் தீவகத்துக்குள் இறங்கியபோது மண்டைதீவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இளைஞர்கள் பலர் திரும்பி வரவில்லை. அவர்களைத் தேடியவர்கள் இந்தத் தீவின் கிணறுகள் சிலவற்றைப் பற்றி என்ன சொல்லி வருகிறார்கள் என்பது ஊரவர்களுக்குத் தெரியும்.

"அப்பப்பா, இந்தக் கிணத்துக்குத் தண்ணியின்ரை தன்மை எண்ட இடத்திலை என்ன போடுறது?"

அங்கே மூன்று சொற்கள்தான் இருந்தன. நான் எழுதிக் கொடுத்தவை.

'பாவனையில் இல்லை' என்று நாலாவது ஒன்றைச் சேர்க்கட்டுமா என்று கேட்டாள். அது பொய்யன்று. ஆயினும் தூர்ந்துபோன கிணற்றையும் அதையும் ஒன்றாக்கிவிடும் சொல். மறுபுறம், அகழ்ந்து பார்த்து நீதிமன்றம் சொல்ல வேண்டிய ஒன்றைப் படிப்புக்காகச் செய்யும் பிள்ளையின் படிவத்தில் தீர்ப்பாக எழுதவும் கூடாது. அவளுடைய பெயரில் உள்ள கணக்கு அது. வாழ்நாள் முழுவதும் ஆசிரியபீடத்தில் நான் செய்த வேலை இதுதான்: தெரிந்தது எது, சொல்லப்படுவது எது என்று பிரிப்பது. தமையனார் வாசற்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"தொண்ணூறிலை இருந்து அதிலை ஒருத்தரும் அள்ளுறேல்லை" என்றார்.

அதையே எழுதினோம். 1990 முதல் ஊரவர் அள்ளுவதில்லை. இடத்தைத் துல்லியமாகக் குறிக்கவில்லை. காணியுடையவர்களின் பெயர்களை எந்தக் கிணற்றுக்கும் பட்டியலில் வெளியிடுவதில்லை என்றும் அப்போதே முடிவு செய்தோம். அவள் தன்மைக்கான கட்டத்தை வெறுமையாக விட அனுமதிக்கும்படி நிரலில் ஒரு வரியை மாற்றினாள்.

இப்போது கிணற்றேட்டில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. இவ்வளவும் சேர்ந்து ஒரு புகைப்படத்தின் பருமனுக்கும் வராது. 100 டொலரில் ஒரு சதமும் செலவாகவில்லை. ஆனால் கணக்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும், மாணவியாக இருக்கும்வரை மட்டுமே புதுப்பிக்கலாம். அவள் பட்டம் பெறும் நாளில் மண்டைதீவுக் கிணறுகள் சிங்கப்பூரை விட்டு இடம்பெயர வேண்டிவரும். அதனால் மாதம் ஒருமுறை பட்டியலைத் தாளில் அச்சிட்டு ஊர்ச் சனசமூக நிலையத்தில் வைப்பது என்று ஏற்பாடு. தாளை நம்பாதே என்று எனக்குச் சொல்லித்தரக் காலம் எவ்வளவோ முயன்றது. எனினும் ஒரு பிரதி தாளில், ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம், ஒன்று சிங்கப்பூரில் என்றால் நான்கும் ஒரே இரவில் அழியாது என்ற கணக்கு எனக்கு ஆறுதலாக இருக்கிறது. மண்டைதீவை விட்டுப் போனவர்கள் இதை வாசித்தால், உங்கள் வளவுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். ஊரிலுள்ள உறவுகளிடம் சொன்னாற் போதும், அவர்கள் பிள்ளையிடம் சொல்லிவிடுவார்கள்.

முதல் அச்சுப் பிரதியைத் தமையனாரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேர்வுத்தாள் திருத்துபவரைப் போல விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். எங்கள் வீட்டுக் கிணறு வந்த இடத்தில் விரல் நின்றது.

"இது பங்குக் கிணறெல்லே. பங்கை எழுதேல்லையே?"

நம்முடைய உறுதிகளில் காணியின் எல்லை முடிந்ததும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று ஒரு வரி வரும். பரம்பரை பரம்பரையாகக் கிணறுகளைப் பதிந்துவந்த ஏடு அதுதான். படித்தவர்களான எங்கள் இருவருக்கும் அது நினைவில் வரவில்லை. தமையனார் எழுந்து உள்ளே போய்ப் பெட்டகத்தைத் திறந்தார். பேத்தி மடிக்கணினியைத் திறந்து, படிவத்தில் இன்னொரு கட்டம் சேர்க்கத் தொடங்கினாள்.